பாயின்ட் கால் பணம், வட்டி முக்கால் பணம்

“சார், வேற பேங்க் கார்டுல இருக்கிற பாக்கியை எங்க கார்டுக்கு மாத்திக்குங்க. ரெண்டு மாசத்துக்கு வட்டியே கிடையாது. ரிவார்டு பாயின்ட்டும் சேர்ந்துக்கிட்டே இருக்கும்.”

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த அழைப்பு புதிதல்ல. இதில் பாக்கியை மாற்றலாம் என்பது உண்மை. வட்டி இல்லை என்பது பாதி உண்மை. அதற்கு ஒரு கட்டணம் உண்டு. பாயின்ட் சேரும் என்பதைத்தான் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும். மாற்றப்படும் பாக்கிக்குப் பொதுவாக எந்த நிறுவனமும் பாயின்ட் தருவதில்லை. அதே கார்டில் புதிதாகப் பொருள் வாங்கினால் பாயின்ட் வரும். ஆனால் அதைப்போல நான்கு மடங்கு வட்டியும் கூடவே வந்து சேரலாம்.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று ஊரில் சொல்வார்கள். கடனோடு இருக்கும் கார்டில் பாயின்ட் சேர்ப்பது அந்தக் கணக்குதான். எது கால் பணம், எது முக்கால் பணம் என்று முதலில் பார்ப்போம். பிறகு சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமைகளையும், ஏமாந்தால் போய் நிற்க வேண்டிய இடங்களையும் பார்க்கலாம்.

ஒரு பாயின்ட்டின் விலை

ஆயிரக்கணக்கில் பாயின்ட் இருப்பதாகக் குறுஞ்செய்தி வரும்போது மனம் குளிர்கிறது. ஆனால் பாயின்ட் வேறு, ரூபாய் வேறு. சாதாரணக் கார்டுகளில் 100 ரூபாய் செலவுக்கு ஒன்றிரண்டு பாயின்ட் கிடைக்கும். ஒரு பாயின்ட்டின் மதிப்பு பெரும்பாலும் 20 பைசாவிலிருந்து 50 பைசாவுக்குள் இருக்கும். 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட் 25 பைசா என்று வைத்துக்கொண்டால், மாதம் 20,000 ரூபாய் செலவழிப்பவருக்குக் கிடைப்பது 50 ரூபாய். ஒரு சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டாக இருந்தால் 200 ரூபாய்.

இதிலும் கழிவுகள் உண்டு. பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இ.எம்.ஐ., ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது, பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் ஆகியவற்றுக்குப் பாயின்ட் இல்லை என்று பல கார்டுகளின் விதிமுறைகள் சொல்கின்றன. வாங்கிய பொருளைப் பின்னர் இ.எம்.ஐ.க்கு மாற்றினால், கொடுத்த பாயின்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கார்டுகளும் உண்டு. பாயின்ட்டைப் பொருளாகவோ பணமாகவோ மாற்றும்போது 99 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணமாகப் பிடிப்பது வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் பாயின்ட்டும் இருக்கிறது. தவணை தவறிய கார்டில் பாயின்ட்டை முடக்கிவைக்கும் விதியையும் பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

ஆக, பாயின்ட் என்பது மாதா மாதம் பில் தொகையை முழுவதும் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் சிறு தள்ளுபடி. அவருக்கு அது லாபம்தான், மறுப்பதற்கில்லை. பாக்கி வைப்பவருக்கு அதன் பொருளே வேறு.

பாக்கியின் விலை

இந்தியாவில் பெரும்பாலான கிரெடிட் கார்டுகளின் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சில கார்டுகளில் 3.75 சதவீதம். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆண்டுக் கணக்கில் அது 45 சதவீதம். அதோடு முடியவில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கும் நகைக்கடன் வட்டிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை, கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதையும் சேர்த்தால் ஆண்டுக்கு 53 சதவீதத்தைத் தொடுகிறது.

60,000 ரூபாய் பாக்கி இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 2,250 ரூபாய், ஜி.எஸ்.டி. 405 ரூபாய், மொத்தம் 2,655 ரூபாய். மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 3,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அதில் 2,655 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, கடனில் குறைந்தது வெறும் 345 ரூபாய். ஒரு சதவீதப் பாயின்ட்டை வைத்து இந்த 2,655 ரூபாயை ஈடுகட்ட வேண்டுமானால் அவர் அந்த மாதம் 2,65,500 ரூபாய்க்குப் பொருள் வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. பில் 20,000 ரூபாய். டியூ தேதிக்குள் 19,000 கட்டிவிட்டார் ஒருவர். மீதி 1,000 ரூபாய்க்குத்தான் வட்டி வரும் என்று நினைப்பார். அப்படியில்லை. பொருள் வாங்கிய நாளிலிருந்து பணம் கட்டிய நாள் வரை முழு 20,000 ரூபாய்க்கும், அதற்குப் பிறகு மீதி ஆயிரத்துக்கும் வட்டி போடுவார்கள். முந்தைய பாக்கி இருக்கும் வரை, அடுத்து வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 45 நாள், 50 நாள் என்று விளம்பரம் செய்யப்படும் சலுகை, பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

இவ்வளவு வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்று கேட்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருக்கும் விஷயம் என்பது அதன் நிலைப்பாடு. எனவே, கிரெடிட் கார்டு வட்டிக்கு இன்று குறிப்பிட்ட உச்சவரம்பு எதுவும் கிடையாது. நம்மைக் காப்பது நம் கணக்குதான்.

பாக்கியை மாற்றினால் என்ன மிச்சம்?

பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் என்பது, ஒரு நிறுவனத்தின் கார்டில் இருக்கும் பாக்கியை இன்னொரு நிறுவனம் கட்டிவிட்டு, அதைத் தன் கார்டின் கணக்கில் குறைந்த வட்டிக்கு ஏற்றிக்கொள்வது. ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கிடையே இதைச் செய்ய முடியாது. புதிய கார்டின் லிமிட் முழுவதையும் இதற்குப் பயன்படுத்தவும் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

இதில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்று, 60 நாள் போன்ற குறுகிய காலத்துக்கு வட்டி இல்லாமல், பிராசஸிங் கட்டணம் மட்டும் வாங்குவது. மற்றொன்று, ஆறு மாதம், ஒரு வருடம் என்று குறைந்த வட்டியில் தவணையாகப் பிரித்துக்கொள்வது.

அதே 60,000 ரூபாயை முதல் வகையில் மாற்றுவதாகக் கொள்வோம். பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் 1,200 ரூபாய், ஜி.எஸ்.டி.யுடன் 1,416 ரூபாய். மாதம் 30,000 வீதம் இரண்டு மாதத்தில் அடைத்துவிட்டால் செலவு அவ்வளவுதான். பழைய கார்டிலேயே இருந்து இதே வேகத்தில் அடைத்திருந்தால் வட்டியும் வரியுமாகச் சுமார் 3,980 ரூபாய் போயிருக்கும். மிச்சம் சுமார் 2,560 ரூபாய்.

இரண்டாம் வகையில், குறையும் பாக்கிக்கு மாதம் 1.5 சதவீத வட்டி, ஆறு தவணை என்று எடுத்துக்கொள்வோம். தவணைத் தொகை சுமார் 10,530 ரூபாய். வட்டி, வட்டிக்கு ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 5,180 ரூபாய். பழைய கார்டில் மாதம் 10,000 ரூபாய் அசலும், அதற்கு மேல் வட்டியுமாகக் கட்டிவந்தால், வட்டிக்கும் வரிக்கும் மட்டும் 9,290 ரூபாய் வரை போகும். மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம்.

பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபரின் பலன் இதுதான். வட்டி குறைகிறது, கடன் அப்படியே இருக்கிறது. குறைந்த வட்டிக் காலத்துக்குள் அடைத்து முடிப்பவருக்கு இது நல்ல வழி. 60 நாள் முடிந்த பிறகும் பாக்கி இருந்தால், அது வழக்கமான வட்டிக்குப் போய்விடும். அப்போது பிராசஸிங் கட்டணமும் தண்டம், வட்டியும் தண்டம்.

பாயின்ட் ஆசை இழுத்துவிடும் இடங்கள்

முதல் பள்ளம், பாக்கியை மாற்றிய அதே கார்டில் வீட்டுச் செலவையும் செய்வது. புதிய கார்டு, புதிய லிமிட், பாயின்ட்டும் வருகிறது என்று 20,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார் ஒருவர். ஏற்கெனவே அதில் மாற்றிய பாக்கி நிற்கிறது. பில்லில் வந்த மொத்தத் தொகையையும் அவரால் கட்ட முடியவில்லை. வட்டியில்லாக் காலம் பறிபோகிறது. 20,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியும் வரியும் 885 ரூபாய். கிடைத்த பாயின்ட்டின் மதிப்பு அதிகபட்சம் 200 ரூபாய்.

நாம் கட்டும் பணம் எந்தப் பாக்கிக்கு முதலில் போகிறது என்பதும் இங்கே முக்கியம். மினிமம் டியூ, கட்டணம், வட்டி ஆகியவற்றுக்குப் பிறகு பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் தொகை, அதற்கும் பிறகுதான் கொள்முதல் பாக்கி, கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுத்த பணம் என்று வரிசை வகுத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. குறைந்த வட்டிக் கடன் முதலில் தீரும்; அதிக வட்டிக் கடன் நின்று வளரும். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டின் கிரெடிட் கார்டு சட்டம், மினிமம் தொகைக்கு மேல் கட்டும் பணம் அதிக வட்டியுள்ள பாக்கிக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று சொல்கிறது. இங்கே உங்கள் கார்டின் முக்கிய விதிமுறைகள் தாளைப் புரட்டி, அதில் உள்ள வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கிக்காரர்கள் எம்.ஐ.டி.சி. என்று சொல்வது அந்தத் தாளைத்தான்.

இரண்டாவது, வரவேற்புப் பரிசு. ‘முதல் 90 நாளில் இவ்வளவு செலவு செய்தால் இத்தனை பாயின்ட்’, ‘ஆண்டில் இவ்வளவு செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் ரத்து’ என்பார்கள். மாற்றிய பாக்கி இந்தக் கணக்கில் சேராது. இலக்கை எட்டுவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்குகிறவர், அடைக்க வந்த இடத்தில் புதிய கடனை வாங்குகிறார்.

மூன்றாவது, கார்டைத் தேய்த்துக் காசு வாங்குவது. கடையில் பொருள் வாங்கியதுபோல ஸ்வைப் செய்துவிட்டு, கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாயின்ட்டும் வரும், பழைய பாக்கியையும் அடைக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் ஆசை வார்த்தை. 50,000 ரூபாய்க்கு 3 சதவீதம் கமிஷன் என்றால் 1,500 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. ஒரு சதவீதப் பாயின்ட் என்றாலும் வருவது 500. தவிர, இது கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதம். கண்டுபிடித்தால் கார்டையே முடக்குவார்கள். சேர்த்த பாயின்ட்டும் போய்விடும்.

நான்காவது, காலியான பழைய கார்டு. பாக்கி மாறியதும் அதில் லிமிட் முழுவதும் திரும்பிவிடும். பாயின்ட் நிறைய தரும் கார்டு என்று அதைத் தொடர்ந்து தேய்த்தால், ஆறு மாதத்தில் இரண்டு கார்டிலும் கடன் நிற்கும். பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் செய்து மேலும் நொடித்துப்போவதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

இரண்டும் வேண்டுமென்றால்

கடனும் அடைய வேண்டும், பாயின்ட்டும் விடக்கூடாது என்பவருக்கு ஒரே ஒழுங்கான வழி இரண்டு கார்டுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது. பாக்கியை மாற்றிய கார்டில் கடன் தீரும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது. ஆன்லைன் கடைகளில் அந்தக் கார்டைப் பதிந்து வைத்திருந்தால் நீக்கிவிட வேண்டும். செயலியில் ஆன்லைன் பரிவர்த்தனையையே நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். அன்றாடச் செலவுக்கு, பாக்கியே இல்லாத வேறொரு கார்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் பில் தொகையை முழுவதுமாகக் கட்ட வேண்டும். அந்தக் கார்டில் வருவதுதான் உண்மையான பாயின்ட்.

முழுவதும் கட்ட முடியுமா என்ற சந்தேகம் துளி இருந்தாலும், கடன் தீரும் வரை டெபிட் கார்டும் யு.பி.ஐ.யும் போதும். ஏற்கெனவே சேர்த்த பாயின்ட் இருந்தால், பொருள் வாங்கப் போகாமல், பில்லில் கழித்துக்கொள்ளும் வசதியைக் கேளுங்கள். ஆனால் அப்படிக் கழிக்கும் தொகையைப் பல நிறுவனங்கள் மினிமம் டியூ கட்டியதாகக் கணக்கில் எடுப்பதில்லை. டியூ தொகையைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பழைய கார்டை மூடுவதாக இருந்தால், பாயின்ட்டைப் பயன்படுத்திவிட்டு மூடுங்கள்.

பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் மட்டும்தான் வழி என்பதும் இல்லை. வங்கியில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9 முதல் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பெட்டியில் தூங்கும் நகையை வைத்து 53 சதவீதச் சுமையிலிருந்து வெளியே வருவது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும். குறித்த காலத்தில் மீட்க முடியும் என்றால் மட்டும் அந்த வழியில் போக வேண்டும். இப்போது இருக்கும் கார்டு நிறுவனத்திடமே பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி கேட்பதும் ஒரு வழி.

ரிசர்வ் வங்கி தந்திருக்கும் உரிமைகள்

கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்குவது பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. கார்டு வைத்திருப்பவர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைக்க வேண்டியவை அதில் நிறைய இருக்கின்றன.

வட்டியை ஆண்டு விகிதத்தில் சொல்ல வேண்டும். பொருள் வாங்குவதற்கு ஒரு வட்டி, பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபருக்கு ஒரு வட்டி, பணம் எடுப்பதற்கு ஒரு வட்டி என்று வேறுபட்டால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். ‘மாதத்துக்கு ஒன்றரைதான் சார்’ என்று வாயால் சொல்லி முடிப்பது போதாது.

கேட்காத கடனைத் தரக் கூடாது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் வசதியைக் கணக்கில் ஏற்றிவிட்டு, நீங்கள் ஆட்சேபித்தால், அதைத் திரும்பப் பெற வேண்டும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் நீங்கள் போனால், அவர் விதிக்கும் அபராதத்தையும் கட்ட வேண்டும். கேட்காமலே அனுப்பிய கார்டை உங்கள் சம்மதமின்றிச் செயல்படுத்திப் பில் போட்டால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப்போல் இரு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும்.

கட்டணங்களை மாற்றுவதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டை ஒப்படைத்தால், அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.

டியூ தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். கடன் தகவல் நிறுவனங்களுக்கு நிலுவை என்று தெரிவிப்பதும் அதன் பிறகுதான். தாமதக் கட்டணத்தைக் கட்டாமல் நிற்கும் தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், மொத்தப் பில் தொகையை வைத்து அல்ல. கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது.

தவணையாக மாற்றும்போது அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துக் காட்ட வேண்டும். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற பெயரில் வட்டியை மறைக்கக் கூடாது.

பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால், ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்கு அபராதம் தர வேண்டும். பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபருக்குப் பிறகு பழைய கார்டை மூட நினைப்பவர்கள் இந்த விதியை நினைவில் வைக்க வேண்டும். மூடியதற்கான எழுத்துபூர்வ உறுதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனை அழைப்புகளைக் காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே செய்யலாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் தனி உத்தரவு. மிரட்டுவது, உறவினரிடமும் அலுவலகத்திலும் சொல்லி மானத்தை வாங்குவது எல்லாம் விதிமீறல். கடன் வாங்கியவருக்கு மரியாதை இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பாயின்ட்டைக் காட்டி விரிக்கும் வலை

‘உங்கள் 9,000 ரூபாய் மதிப்புள்ள ரிவார்டு பாயின்ட் இன்று இரவோடு காலாவதியாகிறது, உடனே பெற இங்கே அழுத்தவும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். கூடவே ஏ.பி.கே. கோப்பு ஒன்றும் வரும். அதை நிறுவினால் உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் மோசடிக்காரர் கைக்குப் போகும். இணைப்பை அழுத்தினால் வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம் கார்டு எண்ணையும் சி.வி.வி.யையும் கேட்கும். ‘உங்கள் பாக்கியைக் குறைந்த வட்டிக்கு மாற்றித் தருகிறோம், பிராசஸிங் கட்டணத்தை முதலில் அனுப்புங்கள்’ என்பது இதன் இன்னொரு வடிவம். உண்மையான பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபரில் கட்டணம் கார்டு பில்லில்தான் வரும், யாருடைய யு.பி.ஐ. எண்ணுக்கும் அனுப்பச் சொல்லமாட்டார்கள்.

வங்கிகளின் இணையதள முகவரிகள் இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்றப்பட்டிருக்கின்றன. முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். பாயின்ட்டை எப்போதும் வங்கியின் செயலிக்குள் நீங்களே போய்த்தான் பயன்படுத்த வேண்டும். பணம் போய்விட்டால் முதலில் கார்டை முடக்குங்கள், வங்கியிடம் புகார் எண் வாங்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் மீளும் வாய்ப்பு அதிகம்.

எங்கே முறையிடுவது?

முதல் படி, கார்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. தொலைபேசியில் பேசினாலும், மின்னஞ்சலில் எழுத்தாக ஒரு புகார் இருக்க வேண்டும். சொன்ன வட்டி என்ன, போட்ட வட்டி என்ன, எந்தத் தேதி ஸ்டேட்மென்ட், எவ்வளவு தொகை என்று நான்கு வரியில் எழுதுங்கள். பில் தவறு என்று புகார் செய்தால், நிறுவனம் 30 நாளுக்குள் விளக்கமும் தேவைப்பட்டால் ஆதாரமும் தர வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கிகளுக்கும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரே குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பரில் வந்தது. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதியலாம், தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே வழிகாட்டுதல் கிடைக்கும். நிறுவனத்திடம் முதலில் புகார் செய்யாமல் நேரே இங்கே போனால் தள்ளுபடியாகிவிடும்; அந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதல் ஆலோசனை கேட்கலாம். ஆனால் ஒரே விவகாரத்துக்கு நீதிமன்றத்திலும் குறைதீர்ப்பாளரிடமும் ஒரே நேரத்தில் போக முடியாது. எந்தக் கதவு என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாக்கி மாறிய பிறகு கடன் அறிக்கையையும் ஒருமுறை பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பழைய கார்டில் பாக்கி இருப்பதாக இன்னமும் காட்டினால் திருத்தக் கோருங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு சேரும்.

சரி சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

1. பிராசஸிங் கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் எத்தனை ரூபாய்?
2. வட்டி குறையும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கும் சமமாகவா? ஆண்டு விகிதம் எவ்வளவு?
3. சலுகைக் காலம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது? அதன் பிறகு வட்டி எவ்வளவு?
4. இந்தக் கார்டில் புதிதாகப் பொருள் வாங்கினால் வட்டியில்லாக் காலம் கிடைக்குமா?
5. நான் கட்டும் பணம் எந்த வரிசையில் கழிக்கப்படும்?
6. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?
7. பழைய கார்டுக்குப் பணம் எந்த நாளில் போய்ச் சேரும்?

கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்த வேண்டாம். பணம் போய்ச் சேரச் சில நாள் ஆகலாம். அதற்குள் பழைய கார்டின் டியூ தேதி வந்தால், அதைக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்புதான். மாற்றச் சொல்லிவிட்டோமே என்று சும்மா இருந்தால் தாமதக் கட்டணமும் வரும், கடன் மதிப்பெண்ணும் குறையும்.

பாயின்ட் தருவதில் நிறுவனங்களுக்கு நஷ்டமில்லை. கடைக்காரர் தரும் கட்டணத்திலிருந்தும், பாக்கி வைப்பவர் கட்டும் வட்டியிலிருந்தும்தான் அது வருகிறது. முழுத் தொகையையும் கட்டுகிறவர் அந்தப் பாயின்ட்டை அனுபவிக்கிறார்; பாக்கி வைப்பவர் அதற்குச் செலவு கொடுக்கிறார். இன்று இரவு உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். போன மாதம் கட்டிய வட்டி ஒரு ரூபாயாவது அதில் இருந்தால், பாயின்ட்டை மறந்துவிட்டு முதலில் கடனை அடையுங்கள்.